ஜெபிக்க மனம் வராத நாட்களில் என்ன செய்வது?

பல வருடம் விசுவாசியாக இருந்தும் ஜெபிக்க மனம் வருவதில்லை, வேதத்தைத் திறந்தால் நித்திரைதான் வருகிறது, ஆவிக்குரிய வாழ்க்கையை எப்படி ஆரோக்கியமாக வைத்திருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. கொழும்பில் வெள்ளவத்தையில் குடியிருந்து, கோட்டைப் பகுதியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இதே வறட்சியில் இரண்டு வருடம் கிடந்திருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வெளியே பார்த்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாடகர் குழுவில் நிற்பேன், ஞாயிறு பாடசாலையில் படிப்பிப்பேன். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரம். ஒரு வருடத்தில் முடிப்பதென்றால் நாளுக்கு மூன்றுக்கும் சற்று மேலே வரும். போனில் அதற்கொரு ஆப் வைத்திருந்தேன். மார்ச்சிலேயே 26 நாள் பின்தங்கிவிட்டேன். விட்டதைப் பிடிக்க லேவியராகமத்தைக் கண்ணால் மேய்ந்துவிட்டு 'சரி' போட்டுக்கொண்டே போனேன். கணக்குப்பிள்ளை புத்தி, வேறென்ன!

சபையில் மூத்த அண்ணா ஒருவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். உபவாசம் இரு, முழு இரவு ஜெபத்துக்கு வா என்பார் என்று நினைத்தேன். அவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, "வடிவா நித்திரை கொள்ளுறியோ? நேரத்துக்குச் சாப்பிடுறியோ?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்புறம் 1 இராஜாக்கள் 19-ஐ வாசிக்கச் சொன்னார். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, சாகிறேன் என்கிறான். தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கிறான், தூதன் இரண்டாம் முறை எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கடவுள் பேசிய அந்த மெல்லிய சத்தம் ஓரேப் மலையில்தான், அதுவும் நாற்பது நாள் நடந்தபிறகு. எத்தனையோ தடவை கேட்ட பகுதி, சாப்பாட்டை மட்டும் நான் கவனித்ததே இல்லை.

நித்திரையே இல்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு வந்திருந்தால் டாக்டரிடம் போங்கள். அதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள்.

ஆப்பை அழித்துவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், சத்தமாக. 88-ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிறேன் என்று கடவுளிடம் நடிக்க வேண்டியதில்லை என்று அன்றுதான் உறைத்தது. அந்த அண்ணாவோடு பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேச்சும் தொடர்கிறது. "இப்ப ஆரோட கோவம்?" என்று தவறாமல் கேட்பார். பதில் சொல்லாமல் எழும்ப முடியாது.

ஜெபம் பெரும்பாலும் ரயிலில். காலையில் உட்கார இடம் கிடைக்காது, கதவடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், இடதுபக்கம் கடல். பம்பலப்பிட்டி வரும்வரை மனைவி, பிள்ளைகள். அங்கிருந்து கொள்ளுப்பிட்டி வரை சபையில் வருத்தமாக இருப்பவர்கள். அதற்குப் பிறகு கடல் மறைந்துவிடும், கொம்பனித்தெரு வரைக்கும் எனக்குப் பிடிக்காத ஒரே ஆள், என் மேலதிகாரி. குறுகிய தூரம், வேண்டுமென்றேதான் அப்படி ஒதுக்கினேன். போன கிழமை சிக்னல் கோளாறு, வண்டி சரியாக அந்த இடத்தில் இருபது நிமிடம் நின்றுவிட்டது.