பதினைந்து அடி ரேம்ப்

கேள்வி: மாற்றுத்திறனாளிகள் படும் சிரமங்களில், வெகுநாள் உங்கள் கண்ணில் படாமலே இருந்தது எது?

ரேம்ப். படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறப் போடுகிற சரிவுப் பாதை. அதுவும் நானே கட்டிய ரேம்ப்.

நான் சைட் இன்ஜினியர். பத்தொன்பது வருடமாகச் சென்னையில் அடுக்குமாடி வீடு கட்டுகிறேன். பெரும்பாலும் வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் சமையலறை எந்த மூலையில் என்று கேட்பதற்கு முன்பே, "பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் சார்?" என்றுதான் கேட்பார்கள். இரண்டடியாக இருந்தது மூன்றடி ஆனது, தாழ்வான தெருக்களில் நாலடிகூட. கீழே கார் நிறுத்தும் கட்டடங்களில், லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கக்கூடாது என்று லிஃப்டுக்கு முன்னாலேயே இரண்டு படி வைப்போம். படியேற முடியாதது தண்ணீர் மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம் போல.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 44ஆவது பிரிவு இருக்கிறது. அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்கு அனுமதியும் கிடையாது, நிறைவுச் சான்றும் கிடையாது என்கிறது. எங்கள் வரைபடத்திலும் படிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு 'ரேம்ப்' என்று எழுதியிருந்தோம். எழுதியாயிற்று, அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மடிப்பாக்கத்தில் ஒரு சைட். வேலை முடியும் தறுவாயில் ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. கணவன், மனைவி, சக்கர நாற்காலியில் கணவனின் அம்மா. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பளபளவென்று கிரானைட் பதித்த ரேம்ப்பில் மகன் நாற்காலியைத் தள்ளினார். பாதி தூரம்கூடப் போகவில்லை, செருப்பு வழுக்கி நாற்காலி பின்னால் உருண்டது. உடனே கொத்தனார், இரண்டு சித்தாள், வாட்ச்மேன் என்று நாலு பேர் ஓடி வந்தார்கள். "நீங்க உட்காருங்கம்மா, அப்படியே தூக்கிடறோம்."

அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க" என்றார். மகனை விட்டு அளக்கச் சொன்னார்.

"உயரம் மூணடி. நீளம்?"

"பதினஞ்சும்மா."

"அஞ்சுக்கு ஒண்ணு. எவ்வளவு இருக்கணும் தம்பி?"

"பன்னண்டுக்கு ஒண்ணு."

"அப்போ எத்தனை அடி?"

"முப்பத்தாறு, டீச்சர்."

கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற பையன் மாதிரிதான் சொன்னேன். தெரியாமல் செய்த தப்பென்றால்கூட மனசு ஆறியிருக்கும். விடை தெரிந்தே வைத்திருந்தேன். அந்தச் சரிவில் யாராவது ஏறுவார்கள் என்பதுதான் ஒரு நாளும் தோன்றவில்லை.

அவர் கோபப்படவில்லை. "இவங்க இப்போ தூக்கிடுவாங்க. நாளைக்குக் காலையில நான் காய் வாங்க இறங்கணும்னா யாரைக் கூப்பிடறது?" என்று மட்டும் கேட்டார். வீட்டைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் இதை நிறைய யோசித்தேன். நம் ஊரில் தூக்கிவிட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பார்வையில்லாதவர் சாலையோரம் நின்றால், அவர் கடக்க நிற்கிறாரா, பஸ்ஸுக்கு நிற்கிறாரா என்றுகூடக் கேட்காமல் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் சேர்த்துவிடுவோம். அவர் திரும்பி வர இன்னொருவர் கையைத் தேட வேண்டும். தூக்கிவிட்டதோடு நம் மனசு நிறைந்துவிடுகிறது. படி அப்படியே இருக்கிறது.

பில்டரிடம் சொன்னேன். "இந்த ஏரியாவுல அப்படி யாரும் வாங்க வர்றதில்லையேப்பா" என்றார். வந்தவர் வாசலோடு திரும்பிப் போனதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த டேப் என்னை விடவில்லை. எங்கள் பாத்ரூம் கதவு வழக்கமாக இரண்டரை அடி. நிலைச்சட்டம் போக உள்ளே கிடைப்பது இரண்டடி சொச்சம். சக்கர நாற்காலியின் அகலமே ஏறக்குறைய 25, 26 அங்குலம். அதாவது நான் கட்டிய எந்த வீட்டிலும் ஒருவர் நாற்காலியோடு பாத்ரூமுக்குள் போக முடியாது. நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் டைல்ஸையும் நான் டிசைன் என்றே நினைத்திருந்தேன். நீளக்கோடு இருந்தால் நேரே போகலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும், கவனிக்க வேண்டும். காலாலும் கோலாலும் படிக்கிற எழுத்து அது. நம் தெருக்களில் அது நேராகப் போய் மின்வாரியப் பெட்டியில் முட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முட்டாத இடத்தில் பைக் நிற்கும். என்னுடையதும் நின்றிருக்கிறது.

மெரினாவில் 2022 நவம்பரில் மணலுக்கு மேல் மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் அலைக்குப் பக்கம் வரைக்கும் போகலாம். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். கடலோரமாகவே வளர்ந்த எத்தனையோ பேர் முதல் தடவையாக அலையில் கால் நனைத்தது அப்போதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன். பாதை முழுக்க நன்றாக நடக்கிறவர்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சமீபத்தில் மேடவாக்கத்தில் ஒரு தனி வீடு முடித்தேன். பேஸ்மட்டத்தை இரண்டடிக்குக் குறைத்து, பக்கச் சுவரையொட்டி ஒரு திருப்பம் வைத்து 24 அடி ரேம்ப். திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சமதளம், சொரசொரப்பான கல், இரண்டு பக்கமும் கைப்பிடி. "கார் நிறுத்தற இடம் போயிடும் சார்" என்று மேஸ்திரி முதல் நாளிலிருந்தே புலம்பினார். பாதி இடம் போகத்தான் செய்தது. வீட்டுக்காரரை ஒத்துக்கொள்ள வைக்க மூன்று வாரம் ஆயிற்று.

கிரகப்பிரவேசத்துக்கு நானும் மேஸ்திரியும் போனோம். ரேம்ப் முழுக்க விருந்தாளிகளின் செருப்பு. கீழே கைப்பிடி தொடங்குமிடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் குலை தள்ளிய வாழைமரம், ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். நான் மொய்க்கவர் எழுதிக்கொண்டிருந்தேன், கவனிக்கவே இல்லை.

மேஸ்திரி என் தோளைத் தட்டினார். "சார், வாழைமரத்தைக் கேட்டுல மாத்திக் கட்டச் சொல்லட்டுமா?"