'கடன் கொடுக்காதே, வாங்காதே' என்று 'ஹாம்லெட்' நாடகத்தில் வருவதை ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை அறிவுரையாக எடுத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதைச் சொல்வது பொலோனியஸ், டென்மார்க் அரசவையின் வாயாடிக் கிழவர். முதல் அங்கம் மூன்றாம் காட்சியில், கப்பலேறப் போகும் மகன் லேயர்டீசை நிறுத்திவைத்துச் சொல்கிறார்: எல்லார் பேச்சையும் கேள், குறைவாகப் பேசு, கடன் கொடுத்தால் பணமும் போகும், நண்பனும் போவான், உனக்கு நீ உண்மையாக இரு.

சரி, அறிவுரையில் குறை இல்லை. சொல்லும் ஆளைப் பாருங்கள். அடுத்த அங்கத்தின் தொடக்கத்திலேயே, பாரிசில் இருக்கும் அதே மகனை வேவு பார்க்கத் தன் வேலையாள் ரெய்னால்டோவை அனுப்புகிறார். மகனைப் பற்றிச் சின்னச் சின்னப் பொய்களைச் சொல்லி உண்மையைக் கறந்துவிடு என்று பாடம் வேறு. நடுவில், என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கே மறந்துபோகிறது (எனக்கு மிகவும் பிடித்த இடம்). அப்புறம் மூன்றாம் அங்கத்தில், அரசியின் அறையில் திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கும்போது இளவரசன் ஹாம்லெட்டின் வாளுக்கு இரையாகிறார்.

1603இல் வந்த முதல் அச்சுப் பதிப்பில் இவர் பெயர் கொராம்பிஸ். அதில் மகனுக்கு அவர் சொல்லும் அறிவுரை வரிகள் பலவற்றுக்கு, பொன்மொழி என்று காட்ட, மேற்கோள் குறிகள் போட்டிருக்கிறார்கள்; கடன் பற்றிய வரி அந்தப் பதிப்பில் இல்லை. பொன்மொழிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளும் வாசகர்கள் அப்போதே இருந்தார்கள்.