இணையதளம் அமைக்கும்போது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எங்கள் தொண்டு அமைப்புக்கு இணையதளம் அமைக்க இரண்டு பேர் மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் முகப்பு முழுக்க நகரும் படங்கள்; நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மற்றொன்று எளிமையானது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: குழுவினர் மாதிரிகளை எதில் பார்த்தார்கள்? பெரிய திரையில் என்றால், மறுபடியும் கைபேசியில் பாருங்கள். உதவி தேடி வருபவர்களில் பலர் அதில்தான் பார்ப்பார்கள், அதுவும் அவசரத்தில்.

பிறகு, அமைப்போடு தொடர்பே இல்லாத ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுங்கள். "உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும், வழியைக் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் குறை. ஐந்து பேர் பயன்படுத்திப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். பெரிய செலவில்லாத சோதனை இது. ஏனோ, வாங்குபவர்கள் கேட்பதே இல்லை.

நகரும் படங்களை நான் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால், தானாக ஓடத் தொடங்கி, மற்ற விவரங்களோடு சேர்ந்து ஐந்து நொடிக்கு மேல் நகரும் எதையும் நிறுத்திவைக்க வசதி வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்கான சர்வதேச அணுகல் வழிகாட்டுதல். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்றும் அது சொல்கிறது. மங்கிய சாம்பல் நிற எழுத்து மாதிரியில் நாகரிகமாகத் தெரியும்; வயதானவர் கண்ணுக்கு எட்டாது. தமிழ் எழுத்துகளைப் படமாக ஒட்டவும் விடாதீர்கள். எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் இருந்தால்தான் தேடலில் கிடைக்கும், பார்வையற்றவரின் கைபேசி வாசித்துக் காட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்குப் பெரிய கவலை: டொமைன் பெயர், அதாவது உங்கள் இணையதள முகவரி, யார் பெயரில் பதிவாகும்? வடிவமைப்பாளர் பெயரில் என்றால், நாளை மனக்கசப்பு வந்தால் உங்கள் முகவரியே உங்கள் கையில் இருக்காது. அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். டொமைன், ஹோஸ்டிங் (இணையதளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவை) இரண்டின் பாஸ்வேர்டுகளும் உங்களிடம் இருக்கட்டும். அறிவிப்புகளை நீங்களே மாற்றும் வசதி, அதற்கான பயிற்சி, காப்புப் பிரதி, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

எளிய மாதிரி அந்த ஐந்து பேரிடம் தேறினால் அதையே எடுங்கள். நிறத்தையும் படங்களையும் பின்னால் மெருகேற்றிக்கொள்ளலாம். கடைசித் தவணையை மட்டும் பாஸ்வேர்டுகள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.