பழைய எஸ்யூவில ஸ்டார்ட்டர் மோட்டார் போயிடுச்சு, மாத்துறதா, வண்டியவே வித்துடுறதா?

கேள்வி இதான்: பதினாலு வருஷ டீசல் எஸ்யூவி, சாவியத் திருப்புனா டக்னு ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல, மெக்கானிக் ஸ்டார்ட்டர (இன்ஜின மொதல்ல சுத்திவிடுற மோட்டாரு, செல்ஃப்னும் சொல்வோம்) மொத்தமா மாத்தணும் பன்னெண்டாயிரம் ஆகும்ங்கிறார், வீட்ல வித்துத் தொலைங்கன்னு சொல்றாங்க, என்ன பண்ணலாம். எனக்கு முன்னாடி பதில் போட்ட நாலஞ்சு பேருமே "வித்துடுங்க ப்ரோ, இனிமே ஒண்ணு மாத்தி ஒண்ணு செலவு வரும்"னு போட்டிருக்கீங்க. படிச்சிட்டு தூங்கலாம்னு பாத்தேன், முடியல, அதான் எழுதுறேன்.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் மெக்கானிக் இல்ல. மன்னார்குடி பக்கம் விவசாயம். எங்கிட்ட இருக்கிறது 2009 பொலிரோ, அப்பா வாங்குனது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ எங்க பக்கம் வாரக்கணக்கா கரண்ட் இல்ல, ஊர்ல ஒரு டேங்க்லயும் தண்ணி இல்ல, அப்ப வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர இந்த வண்டிலதான் ஏத்திக்கிட்டு தெருத்தெருவா போயி மோட்டார் போட்டு டேங்க் ரொப்புனோம். விழுந்து கெடந்த தென்னமரத்த கயிறு கட்டி இழுத்ததும் இதே வண்டிதான். அப்பா 2020ல தவறிட்டாங்க. 15 வருஷம் முடிஞ்சதும் வண்டிப் பதிவு ரினிவலுக்கு 5000 கட்டி (2022 ஏப்ரல்ல ஏத்துன பீஸு) எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியான்னு பாக்குற சோதனை) காமிச்சு வாங்கிட்டு வந்தேன். அதனால வித்துடுன்னு யாராச்சும் லேசா சொன்னா எனக்குக் கோவம் வரும், அத மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

எனக்கு செல்ஃப் போனது தை அமாவாசை அன்னிக்கு. அப்பாவுக்குத் திதி கொடுக்க கோடியக்கரை போயிருந்தோம், நான், பெரியப்பா, அத்தை, அத்தை வீட்டு மாமா, ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன். விடியறதுக்கு முன்னாடியே கடல்ல குளிச்சு எல்லாம் முடிஞ்சு திரும்பி வர்றப்போ அகஸ்தியம்பள்ளிகிட்ட, உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கில்ல, அதத் தாண்டி அத்தை "தம்பி நிறுத்துப்பா, கல்லு உப்பு வாங்கிக்கிறேன்"ன்னாங்க. நிறுத்துனேன், சாவிய ஆஃப் பண்ணேன். உப்பு வாங்கி ஏறி உக்காந்து சாவியத் திருப்புனா டக். மறுபடி டக். அவ்ளோதான்.

நான் பேட்டரின்னு முடிவே பண்ணிட்டேன். அந்தப் பக்கம் வந்த டிராக்டர கும்பிட்டு நிறுத்தி ஒயர் போட்டுப் பாத்தோம், அப்பவும் டக்தான். அந்த டிராக்டர் ஓட்டுன அண்ணன் பானட்டப் பக்கமே வரல, முன்னாடி நின்னுக்கிட்டு "ஹெட்லைட்டப் போட்டுட்டு செல்ஃப் அடி தம்பி"ன்னார். அடிச்சேன். "லைட்டு கொஞ்சம்கூட மங்கலையே, பேட்டரில என்ன கோளாறு இருக்கப்போவுது, கரண்டு மோட்டாருக்குள்ளயே போவல"ன்னார். இந்த ஒரு விஷயம் எனக்கு அன்னிக்குத்தான் தெரியும், வண்டி ஓட்ட ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆகுது.

நீங்களும் வேற எதுவும் செய்யிறதுக்கு முன்னாடி இத செய்யிங்க. ராத்திரி இருட்டுல ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு சாவியத் திருப்புங்க. லைட்டு அப்படியே செத்துப்போற மாதிரி மங்கி டகடகடகன்னு விடாம சத்தம் வந்தா பேட்டரியோ டெர்மினலோ, ஸ்டார்ட்டரத் தொடவே வேணாம். லைட்டு மங்காம ஒரே ஒரு டக் மட்டும் வந்தா சொலினாய்டுக்குள்ள (மோட்டாருக்குக் கரண்ட விடுற சுவிட்சு) இருக்கிற செப்புத் தகடு கருகியிருக்கும், இல்ல கார்பன் பிரஷ் (சுத்துற பாகத்துக்குக் கரண்ட கடத்துற கரித்துண்டு) தேஞ்சு கம்யூட்டேட்டர (அது ஒரசுற செப்பு வளையம்) தொடாம நிக்கும். உய்ய்யின்னு மோட்டார் மட்டும் சுத்தி இன்ஜின் அசையலன்னா பென்டிக்ஸ் (மோட்டார இன்ஜினோட கோக்குற சின்னப் பல்சக்கரம்). லைட்டும் மங்கி ஒரே ஒரு டக்கும் வந்தா பேட்டரி டவுனாவும் இருக்கலாம், மோட்டார் உள்ள சிக்கியும் இருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது, நிக்கிற வண்டில 12.6 வோல்ட் காமிச்சா பேட்டரி ஃபுல்லு, 12.2ன்னா பாதி, செல்ஃப் அடிக்கிறப்போ 9.5க்குக் கீழ போச்சுன்னா பேட்டரி மேல சந்தேகப்படலாம்.

சரி, அன்னிக்கு நடந்ததுக்கு வர்றேன். உப்பளத்துல வேல பாக்குறவங்க ஆறேழு பேரு, சாப்பாட்டுத் தூக்கோட வேலைக்குப் போய்க்கிட்டிருந்தவங்க, யாரும் கூப்புடாமயே வந்து தள்ளுனாங்க. பொலிரோ லேசான வண்டி கிடையாது, ஆனா ரோடு மட்டமா இருந்துச்சு. சாவி ஆன்ல, ரெண்டாவது கியர், கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டு, வேகம் எடுத்ததும் படக்குன்னு விட்டேன், புடிச்சிருச்சு. சாவி ஆன்ல இல்லன்னா எவ்ளோ தள்ளுனாலும் டீசல் போகாது, அத மறந்துட்டு மூச்சு வாங்கத் தள்ளுறவங்கள பாத்திருக்கேன். இன்ஜின் ஓடாதப்போ பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி இருக்கும், அதுக்கும் தயாரா இருங்க. ஆட்டோமேடிக் வண்டிய தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. டீசலக் கம்ப்யூட்டர் பாத்து விடுற காமன் ரெயில் வண்டில பேட்டரி சுத்தமா செத்திருந்தா தள்ளியும் பிரயோஜனம் இல்ல, அதுல கம்ப்யூட்டருக்கே கரண்டு வேணும். உங்க வண்டி எதுன்னு நீங்க எழுதல.

அந்த அண்ணன்கள்ட்ட டீ குடிக்கன்னு காசு நீட்டுனேன், வாங்கல. அங்கேந்து மன்னார்குடி வர வரைக்கும் இன்ஜின ஆஃப் பண்ணவே இல்ல, திருத்துறைப்பூண்டில இட்லி பார்சல் வாங்கி ஓடுற வண்டில உக்காந்தே சாப்புட்டோம், பெரியப்பாவுக்கு சுகரு, அதுக்கு மேல பொறுக்க முடியாது.

அடுத்த நாள் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். எந்த ஒர்க்ஷாப்புன்னு எழுதல, எழுதவும் மாட்டேன். லைட்டு மங்கலண்ணே, டிராக்டர் அண்ணன் இப்படிச் சொன்னார்னு சொன்னேன், காதுல வாங்கல, பேட்டரி வீக்குன்னு புதுசு போட்டு 6,800 வாங்கிட்டாங்க. போட்டதும் செல்ஃப் எடுத்துச்சு. நானும் சரி, அவங்கதான் சரின்னு நெனச்சேன். சூடு ஆறுன மோட்டார்ல தேஞ்ச பிரஷ் சில சமயம் தொட்டுக்கும், அதனால எடுத்திருக்கு, பேட்டரியால இல்ல.

நாலாவது நாளு அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசல்ல மறுபடி டக். சம்பா அறுத்து நெல்லு அங்க கெடந்துச்சு, பனி எறங்குதேன்னு தார்ப்பாய் எடுத்துக்கிட்டு ராத்திரில போயிருந்தேன். இத சொல்லாம இருக்க முடியல, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்க. தை மாசப் பனில களத்துல நாளுக்கணக்குல கெடக்கிற நெல்லுக்கு 17 எங்கேந்து வரும்? காலைல காயப்போடு, சாயங்காலம் அள்ளு, மறுநா காயப்போடு, கூலி யாரு கொடுக்கிறது? 2023 பிப்ரவரில அறுக்கிற நேரத்துல மழ அடிச்சப்போ மத்தியக் குழு வந்து பாத்துட்டுப் போயி 20 வரைக்கும் எடுக்கலாம்னு உத்தரவு வர்றதுக்குள்ள நெல்லு முளைவிட்டவங்க எத்தன பேரு. இதுல மூட்டைக்கு இவ்வளவுன்னு தனியா வேற கேப்பாங்க. 40 கிலோ சிப்பத்துல எவ்ளோ நமக்குன்னு கணக்குப் போட்டா வயித்தெரிச்சல்தான் மிச்சம். அந்த எரிச்சல்லதான் அன்னிக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டிய நான் திரும்பத் திரும்ப சாவியத் திருப்பிக்கிட்டே இருந்தேன். அது பெரிய தப்பு, நீங்க செய்யாதீங்க. ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல அடிக்கக்கூடாது, ஒரு நிமிஷமாவது விட்டுத்தான் அடுத்தது. அந்த மோட்டார் கொஞ்ச நேரம் ஓடுறதுக்குத்தான், நூத்துக்கணக்குல ஆம்பியர் இழுக்கும், விடாம அடிச்சா வைண்டிங் (உள்ள சுத்தியிருக்கிற செப்புக் கம்பி) கருகிரும், அப்புறம் நெஜமாவே புதுசுதான்.

அங்க லோடுமேன் ஒருத்தர் வண்டிக்கு அடில போயி ஸ்டார்ட்டர் மேல வீல் ஸ்பேனரால லேசா ரெண்டு தட்டு தட்டுனார், நான் சாவியத் திருப்பினேன், எடுத்துருச்சு. தட்டுனா எடுக்குதுன்னா பிரஷ்ஷோ சொலினாய்டோன்னு அர்த்தம். (நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டயருக்குக் கல்லு, இதெல்லாம் இல்லாம யாரையும் அடில போக விடாதீங்க. தட்டுன ஆள் வெளிய வந்தப்புறம்தான் சாவி.) இது வீடு வந்து சேர்றதுக்கு மட்டும்தான்.

அடுத்து போன எடத்துல அசெம்ப்ளியா (மொத்த ஸ்டார்ட்டரா) மாத்தணும், 9,500ன்னாங்க. உங்களுக்குச் சொன்ன அதே பேச்சு. அப்பதான் பெரியப்பா, "பம்ப்செட்டு மோட்டார் கட்டுறானே, அந்தத் தெருவுல ஆர்மேச்சர் பாக்குறவரு இருக்காரு, அவருட்ட கொண்டு போடா"ன்னார். ஆர்மேச்சர்னா மோட்டாருக்குள்ள சுத்துற பாகம். பேட்டரி மைனஸ்ஸ கழட்டிட்டு ஸ்டார்ட்டர எறக்கி ஒரு சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனேன். அவரு டேபிள் மேல வச்சுப் பிரிச்சார். உள்ளேந்து காஞ்ச வண்டல் மண்ணு கொட்டுச்சு. எனக்கு ஒடனே தெரிஞ்சிருச்சு, ஐப்பசில வாய்க்கால் ஒடைஞ்சு ரோட்டுல முட்டியளவு தண்ணி நின்னப்போ ரெண்டு மூணு தடவ அதுலயே ஓட்டிட்டுப் போனேன். ஸ்டார்ட்டர் இன்ஜினுக்கு அடியில தாழ்வா இருக்கிறதால தண்ணி மொதல்ல அங்கதான் பூரும். மண்ணு கார்பன அரைச்சு நாலு பிரஷ்ஷும் நகக்கணு அளவுதான் மிச்சம், புஷ் (சுத்துற தண்டத் தாங்குற வளையம்) தேஞ்சு ஆர்மேச்சர் ஒரு பக்கமா ஒரசியிருக்கு, சொலினாய்டு செப்புல பாதி கருகிப் போச்சு. வைண்டிங் நல்லாருக்கு தம்பி, இதுக்கு எதுக்கு புதுசுன்னார். கம்யூட்டேட்டர லேத்துல லேசா சீவி, பிரஷ், புஷ், செப்புத் தகடு எல்லாம் மாத்தி கூலியோட 1,850. மாட்டுறப்போ கூடவே வந்து இன்ஜின்லேந்து சேஸிஸ்க்குப் போற எர்த் ஒயரப் பாத்துட்டு, பச்ச பூத்துக் கெடந்தத உப்புத்தாள் போட்டுத் தேச்சு வேசலின் தடவிக் கொடுத்தார், அதுக்குக் காசு கேக்கல. அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம் தாண்டிருச்சு, இன்னிவரைக்கும் ஒரு டக் கூட இல்ல.

மெக்கானிக்குங்க யாராச்சும் படிச்சா கோவிச்சுக்காதீங்க, எல்லாரையும் சொல்லல. புதுசு போட வேண்டிய எடமும் இருக்கு, வைண்டிங் கருகியிருந்தா, ஸ்டார்ட்டரோட மூஞ்சிப் பக்கம் இருக்கிற வார்ப்புக் கூடு ஒடைஞ்சிருந்தா கட்டிக்கிட்டு இருக்கிறது வீண். ஃப்ளைவீல் ரிங்கு (ஸ்டார்ட்டர் கோத்து இன்ஜின சுத்துற பெரிய பல்சக்கரம்) பல்லு போயிருந்தா கியர்பாக்ஸ எறக்கணும், அது வேற செலவு, அதையும் ஸ்டார்ட்டர் கணக்குல சேத்து யாராச்சும் சொன்னா ஸ்டார்ட்டர் எறக்குன ஓட்ட வழியா டார்ச் அடிச்சு பல்ல உங்க கண்ணால பாருங்க. சந்தைல மலிவா வர்ற டூப்ளிகேட் அசெம்ப்ளிய விட உங்க பழசு, வைண்டிங் நல்லாருந்தா, மேலுன்னுதான் அவரும் சொன்னார், நானும் நம்புறேன்.

நீங்க கும்பகோணம்னு போட்டிருக்கீங்க, அங்க ஆர்மேச்சர் பாக்குறவங்க யாரையும் எனக்குத் தெரியாது. கார் ஒர்க்ஷாப்புல விசாரிக்காதீங்க, போர் மோட்டார் கட்டுற கடைல போயி கார் செல்ஃப் யாரு பாப்பாங்கன்னு கேளுங்க, அவங்களுக்குக் கண்டிப்பா தெரியும். அதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி அந்த லைட்ட ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க.