அரசு ஜீப் மோதியது, இன்சூரன்ஸும் இல்லை: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 38; ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். 2 மாதத்துக்கு முன் அழகியமண்டபம் பக்கம் ஒரு அரசுத் துறை ஜீப் அவருடைய பைக்கில் மோதியது. வலது தோள் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இல்லையாம். 10,000 ரூபாய் தந்துவிட்டு, "மீதியை டிபார்ட்மெண்டில் பேசி வாங்கித் தருகிறோம், கேஸ் வேண்டாம்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 4 மாதம்தான் பாக்கி. 10,000 வாங்கியதில் தப்பில்லை. வாங்கும்போது எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று மட்டும் கேளுங்கள்.

அரசு வேலைக்கு ஓடும் அரசு வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. அதனால் இழப்பீடு இல்லாமல் போகாது, அரசே தர வேண்டும். ராஜஸ்தானில் கலெக்டர் ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது.

ஆனால் அது உண்மையிலேயே அரசு வண்டிதானா? நம்பரைப் பாருங்கள். டி.என். 74-க்கோ 75-க்கோ அடுத்து 'ஜி' வந்தால் அரசு வண்டி. 'என்' வந்தால் போக்குவரத்துக் கழக பஸ். இரண்டும் இல்லாமல் கண்ணாடியில் துறைப் பெயர் மட்டும் ஒட்டியிருந்தால் வாடகை வண்டியாக இருக்கலாம். அதற்கு உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும்தான் எதிர்மனுதாரர்கள். அரசு வண்டி என்றால் டிரைவர், துறை அதிகாரி, கலெக்டர் வழியாகத் தமிழ்நாடு அரசு என்று சேர்ப்பார்கள்.

கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீதா (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு), எஃப்.ஐ.ஆரா? பலர் ஏமாறுவது இங்கேதான். ரசீதை மட்டும் வைத்து வழக்கை நிரூபிப்பது கஷ்டம். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். காயச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில் 'தானாக விழுந்தார்' என்று எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மனுவை பத்மநாபபுரம் சார்பு நீதிமன்றத்திலேயே போடலாம்.

தொகை எப்படி வரும்? மாதம் 15,000 சம்பாதித்தார் என்று வைப்போம். 40 வயதுக்குக் கீழ் என்பதால் வருங்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000, வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 36 முதல் 40 வயதுக்கு அந்தப் பெருக்கெண் 15, ஆக 37,80,000. உழைப்பிழப்பு, அதாவது சம்பாதிக்கும் திறனில் வந்த இழப்பு, 30 சதவீதம் என்று ஏற்றால் 11,34,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வட்டி எல்லாம் தனி.

அந்த 30-ல்தான் வழக்கே இருக்கிறது. மெடிக்கல் போர்டு தோளுக்கு 20 சதவீத ஊனம் என்று எழுதக்கூடும். மேசை வேலைக்காரருக்கு அது சரி. தினமும் விடியுமுன் கத்தியைப் பிடித்து மரம் மரமாகப் பட்டை சீவுகிறவருக்கு வலது தோள் போனால் பிழைப்பே போச்சு. ஊனச் சதவீதம் வேறு, பிழைப்பில் வரும் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டத் தோட்ட முதலாளி சாட்சிக்கு வரவேண்டும்: எத்தனை மரம் வெட்டினார், மரத்துக்கு என்ன கூலி, இப்போது ஏன் முடியவில்லை. சம்பளச் சீட்டு இல்லாத வேலையில் அவர் வாய்மொழிதான் ஆதாரம். அவர் வராவிட்டால் நீதிமன்றமே ஒரு வருமானத்தை உத்தேசமாகப் போடும். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

துறைக்காரர்களுக்குப் பேசித் தீர்க்க விருப்பம் இருந்தால், மனு போட்ட பிறகு லோக் அதாலத்தில் பேசட்டும். அங்கே எழுதுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதற்கு அப்பீல் கிடையாது.