‘ப்ளீஸ்’ போட்டும் உத்தரவு மாதிரி இருக்கிறதா?

கேள்வி: பெருங்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பில்லிங் வேலை பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவள். லண்டன் கிளையன்ட்டுக்கு நான் எழுதும் மெயில்கள் உத்தரவு போடுவதுபோல் இருக்கின்றன என்று மேனேஜர் சொல்கிறார். எல்லா வரியிலும் ‘ப்ளீஸ்’ போடுகிறேன், அப்புறம் எங்கே தப்பு? ஒரு மெயிலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேளச்சேரியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையத்தில் ஆறு மாத கோர்ஸில் சேரச் சொல்கிறார்கள். மாதத் தவணையாம். சேரலாமா?

பதில்: முதலில் கவலையை விடுங்கள். உங்கள் இலக்கணத்தில் தப்பே இல்லை. ‘ப்ளீஸ் சென்ட் த இன்வாய்ஸ் காப்பி டுடே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க். ஆனாலும் அது உத்தரவுதான். ப்ளீஸ் போட்ட உத்தரவு.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்க’ ஆக்கினால் மரியாதை வந்துவிடும். முன்னால் ‘கொஞ்சம்’ சேர்த்தால் கெஞ்சலே வந்துவிடும். ஆங்கில வினைச்சொல்லில் இப்படி ஒட்டவைக்க இடம் கிடையாது. ‘சென்ட்’ என்றால் எம்.டி.க்கும் அதுதான், ஆபீஸ் பையனுக்கும் அதுதான். அதனால் ஆங்கிலேயர்கள் வாக்கியத்தையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கிவிடுகிறார்கள். கேள்வி என்றால் எதிராளிக்கு மறுக்க ஒரு வழி இருக்கிறது. பல நேரம் அது பெயருக்குத்தான், இருந்தாலும் அதைத் திறந்து வைப்பதுதான் அங்கே மரியாதை.

அதற்காக எல்லாவற்றையும் கேள்வியாக்கிவிடாதீர்கள். இந்த வேலையால் யாருக்கு லாபம் என்று மட்டும் பாருங்கள். ‘கம் இன்’, ‘ஹேவ் எ சீட்’, ‘ஹேவ் சம் காபி’ எல்லாமே சுத்தமான கட்டளைகள். ப்ளீஸ் கூட இல்லை. யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் லாபம் எதிராளிக்கு. வழி சொல்வதும் அப்படித்தான்: ‘டர்ன் லெஃப்ட் அட் த சிக்னல்’. தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தாதே என்று போர்டில் இருப்பதைப் படித்துவிட்டு யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? உங்கள் இன்வாய்ஸ் விஷயம் வேறு. லாபம் உங்களுக்கு, சிரமம் அவருக்கு. அங்கேதான் கேள்வி வடிவம் வேண்டும்.

அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: ‘குட் யூ சென்ட் மீ த இன்வாய்ஸ் காப்பி டுடே, ப்ளீஸ்? ஐ நீட் இட் டு க்ளோஸ் திஸ் மன்த்ஸ் அக்கவுன்ட்ஸ்.’ கேன் என்பதை விட அதன் இன்னொரு வடிவமான இந்தக் குட் கொஞ்சம் தணிவு. வெளி ஆளுக்கு எப்போதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியில் காரணம் சொல்கிறீர்கள், அதுதான் முக்கியம். பத்து ப்ளீஸ் செய்யாத வேலையை ஒரு காரணம் செய்யும். ஒன்றில் மட்டும் உஷார்: ‘கேன் யூ ஏபிள் டு சென்ட்’ வேண்டாம். கேன், ஏபிள் இரண்டுக்கும் ஒரே அர்த்தம், ஒன்று போதும். நம் ஊர் மெயில்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இது.

அதே மெயிலின் கடைசியில் ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு டூ த நீட்ஃபுல்’ என்று முடித்திருக்கிறீர்கள். மேனேஜருக்கு எரிச்சல் வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். இது தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் தொனி. இதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ‘ஓப்பன் த டோர்’ என்பதை ‘லெட் த டோர் பி ஓப்பண்ட்’ என்று மாற்றச் சொல்லி மார்க் போடுகிறார்கள். ப்ளீஸ் இருந்தால் ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு ஓப்பன் த டோர்’. எந்த வீட்டில், எந்த ஆபீஸில் யார் இப்படிக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள்? இதை மாய்ந்து மாய்ந்து எழுத வைப்பவர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேனா கேட்பது எப்படி என்று ஒரு பீரியட் பேச வைப்பதில்லை. விடைத்தாள் திருத்த எது சுலபமோ அதுதான் பாடம் என்று ஆகிவிட்டது.

இனி ஒரு பொறி. ‘வுட் யூ மைண்ட்’ என்று தொடங்கும் வேண்டுகோள். லண்டன்காரர் உங்களிடம் ‘வுட் யூ மைண்ட் செக்கிங் த அமௌன்ட்?’ என்று கேட்கிறார். நீங்கள் உற்சாகமாக ‘எஸ்’ என்கிறீர்கள். போச்சு. அவர் கேட்டது ‘தொகையைச் சரிபார்ப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா’ என்று. நீங்கள் சொன்னது ‘உண்டு’. சம்மதம் என்றால் ‘நோ’, அதாவது ஆட்சேபணை இல்லை. வெறும் ‘நோ’ மொட்டையாக இருக்கும், ‘நோ, நாட் அட் ஆல்’ என்பார்கள். இங்கிலாந்துக்காரர்களே பேச்சில் ‘எஸ், ஷ்யூர்’ என்று சொல்லிவிட்டு வேலையைச் செய்வதும் உண்டு. குரலைக் கேட்டால் சம்மதம் என்று புரிந்துவிடும். மெயிலில் குரல் கிடையாது. அதனால் நீங்கள் எஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். ‘ஷ்யூர், ஐ வில் செக் இட் நௌ’ என்று எழுதிவிடுங்கள். குழப்பமே வராது. நீங்கள் கேட்கும்போது ‘மைண்ட்’டுக்குப் பின் வினைச்சொல் ‘இங்’ சேர்ந்து வர வேண்டும்: ‘மைண்ட் செக்கிங்’. ‘மைண்ட் டு செக்’ தப்பு. நீங்களே ஒன்றைச் செய்ய அனுமதி கேட்பதென்றால் ‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ கால்ட் யூ டுமாரோ?’ நாளைக்குச் செய்யப்போவதற்கு எதற்கு இறந்தகால ‘கால்ட்’ என்று கேட்பீர்கள். காலம் பின்னால் போனால் தொனி தணியும், அவ்வளவுதான். ‘இஃப் ஐ கால்’ என்றாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிய மெயில்களைத் திறந்து, வினைச்சொல்லில் தொடங்கும் வரிகளையும் ப்ளீஸுக்கு அடுத்து வினைச்சொல் வரும் வரிகளையும் தேடுங்கள். லாபம் உங்களுக்கு என்றால் கேள்வியாக்கிக் காரணம் சேருங்கள். லாபம் அவருக்கு என்றால் அப்படியே விடுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள்.

கோர்ஸுக்கு வருகிறேன். மூன்று நான்கு வாக்கிய அமைப்புக்காக ஆறு மாதக் கோர்ஸா? இந்த மாதத் தவணை பெரும்பாலும் நிலையம் தரும் சலுகை இல்லை. உங்கள் பேரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் போட்டு, முழுப் பணத்தையும் முதலிலேயே நிலையத்தார் வாங்கிக்கொள்கிறார்கள். பிடிக்காமல் இரண்டாவது வாரமே நீங்கள் நின்றாலும் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். நிலையத்தைக் கேட்டால் நிதி நிறுவனத்தைக் கேள் என்பார்கள், அங்கே கேட்டால் நிலையத்தைக் கேள் என்பார்கள். ‘இலவச டெமோ’வுக்குப் போனால் ஆதார், பான் நகல், போனுக்கு வரும் ஓ.டி.பி. எதையும் கொடுக்காதீர்கள். டெமோ எடுத்தவர்தான் வகுப்பும் எடுப்பாரா என்று கேளுங்கள். உங்கள் சான்றிதழ்களைக் கொடுத்தால் வேலையும் வாங்கித் தருகிறேன் என்று நடுவில் வரும் கன்சல்டன்சி ஆட்களிடம் பேச்சே வேண்டாம்.

பேச ஆள் இல்லை, அதற்காகவாவது வகுப்பு வேண்டும் என்றால் மாதம் மாதம் ரொக்கமாகக் கட்டி, ரசீது வாங்கி, எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ள முடிகிற இடமாகப் பாருங்கள். அதற்கு முன் பிபிசியும் பிரிட்டிஷ் கவுன்சிலும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் ஆங்கிலப் பாடங்களில் வேண்டுகோள் பற்றிய பகுதியை மட்டும் கேட்டுப் பாருங்கள். புத்தகம்தான் வேண்டும் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சனி, ஞாயிறில் கொஞ்சம் சீக்கிரம் போங்கள், இல்லாவிட்டால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நாற்காலியைப் பிடித்துவிடுவார்கள்.