குளிர் ஊருக்கு லேப்டாப் கொண்டு போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கும்பகோணத்தில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். டெல்டாவிலிருந்து கனடா, ஜெர்மனி என்று படிக்கப் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா: பையன் ஜனவரியில் கனடாவிலிருக்கும் வின்னிபெக் போகிறான். மைனஸ் முப்பது வரை போகுமாமே, லேப்டாப் உறைந்து கெட்டுவிடாதா?

குளிர் மட்டுமே லேப்டாப்பைக் கெடுப்பது அபூர்வம், அம்மா. மேக்புக்கை எடுத்துக்கொண்டால், ஓடும்போது 10 முதல் 35 டிகிரி, அணைத்து வைத்தால் மைனஸ் 25 வரை என்று ஆப்பிளே சொல்கிறது. பஞ்சு வைத்த உறைக்குள் போட்டு, அதைப் பைக்குள் வைத்துப் பஸ்ஸுக்கு நிற்கிற கால் மணி நேரத்தில் வெளிக்குளிர் முழுசாக உள்ளே இறங்கிவிடாது. ராத்திரி முழுக்கக் காரில் விட்டுவிட்டு வருவதுதான் கூடாது.

பையன் கவனமாக இருக்க வேண்டிய இடம் வீட்டு வாசல். சில்லென்று இருக்கும் லேப்டாப்பைக் கதகதப்பான அறையில் சட்டென்று வெளியே எடுத்தால், அறைக் காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். மேல்மூடியில் படிவதைத் துடைத்துவிடலாம். உள்ளே மதர்போர்டில் படிவது கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஆன் செய்தால் ஷார்ட் ஆகலாம். உடனே ஒன்றும் ஆகாவிட்டாலும், நாளடைவில் கனெக்டர் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பூக்கும்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, அப்புறம் பையில் வைக்கட்டும். வீட்டுக்குள் வந்ததும் கவரைத் திறக்க வேண்டாம். ஈரம் கவருக்கு வெளியேதான் படியும். ஓரிரண்டு மணி நேரம் கழித்துப் புறங்கையை அடிப்பாகத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேஜையைத் தொடுவதுபோல் இருந்தால் சரி, அதைவிடச் சில்லென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

திருவாரூர் மாணவர்: குளிரில் பேட்டரி 40 சதவீதத்தில் இருந்து பொசுக்கென்று அணைந்துவிடுகிறது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உடனே சார்ஜ் போடலாமா அண்ணா?

போடாதீர்கள் தம்பி. குளிரில் லித்தியம் அயனி பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், அதனால்தான் சார்ஜ் இருந்தும் அணைகிறது. சூடு ஏறினால் அது பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால், மின்முனைக்குள் போய்ச் சேர வேண்டிய லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படி இழந்த கொள்ளளவு திரும்பாது, பேட்டரியின் பாதுகாப்பும் குறையும். பல புது மாடல்கள் அந்தக் குளிரில் தாமாகவே சார்ஜ் ஏற்ற மறுக்கும். ஏறவில்லையே என்று சார்ஜரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் காத்திருங்கள்.

பட்டுக்கோட்டை: அண்ணன் லடாக்கில் லே பக்கம் வேலையில் இருக்கிறார். பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டாப்தான், அந்தக் குளிரைத் தாங்குமா?

முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், கடுங்குளிரில் அதன் மசகு கெட்டியாகும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. எது இருந்தாலும் ஊருக்கு வரும்போது ஒரு பேக்கப் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சீர்காழி: ஸ்லீப்பில் போட்டே பையில் வைக்கலாமா?

வேண்டாம். முழுசாக ஷட் டவுன் செய்யுங்கள்.

நாகப்பட்டினம்: எங்கள் ஊரில் மார்கழியிலேயே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது சார். எங்களுக்கு இதில் கவலைப்பட ஒன்றும் இல்லைதானே?

இருக்கிறது, சார். மார்கழிக் குளிர் லேப்டாப்பை ஒன்றும் செய்யாது. ஆனால் ஏசியை நன்றாக வைத்த காரில் வேளாங்கண்ணி வந்து கதவைத் திறந்து இறங்கினால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அந்த ஈரம் உங்கள் மடியில் இருந்த லேப்டாப்பிலும் படியும். கடலோரக் காற்றில் ஈரம் அவ்வளவு அதிகம். வின்னிபெக்கில் மைனஸ் இருபதிலிருந்து உள்ளே வரும்போது நடப்பதுதான் இங்கே 20 டிகிரி காரிலிருந்து வெளியே வரும்போது நடக்கிறது. நம் ஊரில் பனியே இல்லையே என்று யாரும் இதை யோசிப்பதில்லை, அதுதான் என் கவலை. இறங்குவதற்கு முன்பே அணைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள், அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். விடியற்காலையில் டூவீலரில் போகிறவர்கள் பைக்கு மழை உறையும் போட்டுக்கொள்ளுங்கள், மார்கழிப் பனியில் துணிப்பை நன்றாகவே நனைந்துவிடும்.

மயிலாடுதுறை: விமானத்தில் லேப்டாப்பைப் பெரிய பெட்டியில் போட்டுவிடலாமா?

கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கைப் பெட்டியில் போடவே அனுமதி இல்லை.

பாபநாசம்: ஈரம் பட்டுவிட்டால் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தால் உறிஞ்சிவிடும் என்கிறார்களே, அது நிஜமா?

வேண்டாம், அம்மா. உள்ளே இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது. தவிடும் மாவும்தான் சார்ஜ் போடும் துளையிலும் ஃபேனிலும் போய் அடைத்துக்கொள்ளும். ஹேர் டிரையரும் கூடாது, சூட்டில் கீபோர்டு நெளியும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜர் வயரைப் பிடுங்கி, திறந்த நிலையில் கவிழ்த்து நிழலில் காற்றாட வையுங்கள். உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தால், வேலை செய்கிறதா என்று ஒருதடவைகூட ஆன் செய்து பார்க்காமல் அப்படியே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். கழற்றித் துடைத்து எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.